இளமூளையும் கஞ்சாவும்

விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த நிலம். அதன் கரிசல் மண்ணில் பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பி விளைவன. மழையோ அங்கு மிகுதியாகப் பெய்வதன்று. நிலம் கைவிட்ட இடத்தில் கைத்தொழில் மக்களைக் காத்தது. சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923ஆம் ஆண்டில் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட்டாசுத் தொழிலும் அங்கு வேரூன்றியது. தீபாவளி நாளில் இந்திய நாடெங்கும் வெடிக்கப்படும் பட்டாசுகளுள் மிகப் பெரும் பகுதி சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் செய்யப்படுவதேயாகும்.

இத்தொழிலில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியன சேர்ந்த கலவைக்கு 'மருந்து' என்று பெயர். மருந்து கலக்கும் அறைக்கும், அதனைக் குழாய்களில் செலுத்தும் அறைக்கும் விதிகள் பல உண்டு. இரும்புக் கருவியை உள்ளே கொண்டு செல்லலாகாது. உடுப்பது பருத்தி ஆடையாக இருத்தல் வேண்டும். குறித்த தொகைக்கு மேற்பட்டோர் ஓர் அறையில் இருத்தலும், குறித்த அளவுக்கு மேல் மருந்து வைத்தலும் கூடா. இரும்பு உராயுந்தோறும் பொறி எழுவதில்லை. எழுந்த பொறி யாவும் மருந்தில் வீழ்வதில்லை. பல்லாயிரம் முறை ஒன்றும் நேராது போகலாம். ஆயினும், எந்த முறை தீங்கு நேரும் என்பதை முன்னறிய வல்லார் ஒருவரும் இலர். ஆதலால் விதி எல்லார்க்கும் எந்நாளும் உரியதாயிற்று. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அத்தீங்கினை அறிந்தோர் இவ்விதிகளின் அருமையை மறவார்.

இவ்வாறு காவல் வேண்டும் பொருள்களுள் ஒன்று, வளரும் பருவத்து மனித மூளை. அதனருகே வரக் கூடாத பொறிகளுள் ஒன்று கஞ்சா. கஞ்சா புகைத்தவன் பித்தனாவான் என்பது ஊரார் நெடுநாளாகக் கூறும் சொல். அது வெறும் செடியே, அதனால் ஒரு கேடும் வாராது என்பது இளைஞர் சிலர் தம்முள் கூறிக்கொள்ளும் சொல். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. உண்மை இவற்றினிடையே உள்ளது. அதனைக் கண்டறிய அறிஞர்க்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கஞ்சாச் செடி நம் நாட்டில் தொன்று தொட்டு அறியப்பட்டது. சித்த மருத்துவ நூல்கள் அதனைச் 'சிவமூலி' என்று குறிக்கும். முறைப்படி சுத்தி செய்து, பிற சரக்குகளோடு கூட்டி, அளவறிந்து கொடுக்கும் மருந்தாகவே சித்தர்கள் அதனைக் கையாண்டனர். மருத்துவன் கையில் அளவொடு நிற்பது வேறு. பொட்டலத்தில் வாங்கி மறைவிடத்தில் புகைப்பது வேறு. பெண் செடியின் பூங்கொத்துகளில் பிசின் போன்றதொரு பொருள் ஊறும். அப்பிசினில் மயக்கம் தருவது யாது என்பதை, ரபேல் மெச்சூலம் என்பவரும் அவருடைய துணைவர் காவோனி என்பவரும் 1964ஆம் ஆண்டில் இசுரேல் நாட்டில் தனியே பிரித்துக் கண்டனர். அதன் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்பது. பெயர் நீண்டதாகலின் இதனை மயக்கச் சத்து என்றே இனிக் குறிக்கலாம்.

இனி, ஊரார் பித்து என்னும் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். மருத்துவர் இதனை உளப்பிறழ்வு என்பர். உள்ளது எது, இல்லது எது என்று பகுத்துணரும் ஆற்றல் நிலைகுலைதலே உளப்பிறழ்வு. அருகில் எவரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்கும். தன்னைப் பிறர் பின்தொடர்வதாகவும், தன் உணவில் நஞ்சு கலப்பதாகவும் ஐயம் எழும். எவ்வளவு எடுத்துரைத்தாலும் அவ்வையம் நீங்காது. எண்ணங்கள் கோவை அறுந்து, பேச்சு தொடர்பின்றிச் செல்லும். இந்நிலை சில நாளில் தெளிவதும் உண்டு; ஆண்டுக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. நீடிப்பதில் முதன்மையானதை மனச்சிதைவு நோய் என்பர். உலகில் ஏறத்தாழ நூற்றுவருள் ஒருவரை அந்நோய் பற்றுகிறது. அது பெரும்பாலும் தலைகாட்டுவது பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட அகவையில். படிப்பு முடிந்து வாழ்வு தொடங்கும் அப்பருவமே நோயின் பருவமும் ஆதல் கொடிதினும் கொடிது.

பதினேழு அகவையினன் ஒருவனைக் கருதுக. தாய் பட்டாசு ஆலையில் வேலை செய்பவள். தந்தை சரக்கு வண்டி ஓட்டுநர். மகன் படித்து அலுவலில் அமர்வான் என்பதே அவர்தம் நம்பிக்கை. தாய் நாள்தோறும் விதி வழுவாது மருந்தறைக்குள் புகுந்து, அந்தியில் உயிரோடு மீள்கிறாள். மகனோ மாலைதோறும் கண்மாய்க் கரையில் நண்பரோடு கஞ்சா புகைக்கிறான். சில திங்கள் சென்றன. அவன் இரவில் உறங்குவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் மனத்தில் நிற்பதில்லை. நண்பரையும் விலக்கினான். பின்னர் ஒரு நாள், அடுத்த வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்றான். தாய் இட்ட சோற்றில் நஞ்சு உள்ளது என்று தட்டைத் தள்ளினான். பெற்றோர் முதலில் சோம்பல் என்றனர். பின்பு திமிர் என்றனர். முடிவில் காத்துக் கருப்பு என்று குறி கேட்கச் சென்றனர். நோய் என்று எவரும் எண்ணவில்லை. நாள்கள் பல வீணே கழிந்தன. மருத்துவமனைகளுக்குக் காலம் கடந்து வரும் இளைஞர் பலருடைய வரலாறு இத்தகையதே.

இவனுக்கு நோய் வந்தது கஞ்சாவினாலா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இரண்டும் ஒரு காலத்தில் நேர்ந்தனவா? இவ்வினாவை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்த இடம் நம் இந்திய நாடேயாகும். நாட்டின் பித்தர் விடுதிகள் கஞ்சாப் புகைப்போரால் நிறைகின்றன என்ற பேச்சு எழுந்து, இங்கிலாந்தின் மக்கள் மன்றத்தில் வினாவாக உருப்பெற்றது. அதன் விளைவாக 1893ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. மேக்வொர்த் யங் என்பவர் அதன் தலைவர். இந்தியர் மூவரும் அதில் உறுப்பினராக இருந்தனர். சென்னை உட்பட மாகாணங்கள் பலவற்றிலும் சுற்றி, ஆயிரத்துக்கு மேற்பட்ட சான்றினரை உசாவி, 1894இல் அக்குழு தன் அறிக்கையை ஏழு தொகுதிகளாக வெளியிட்டது.

அக்குழுவினர் செய்த அரிய செயல் ஒன்று உண்டு. பித்தர் விடுதிகளின் ஏடுகளை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. 1892ஆம் ஆண்டில் விடுதிகளில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர்; அவருள் 222 பேர் கஞ்சா முதலியவற்றால் பித்தரானவர் என்று ஏடுகள் கூறின. குழுவினர் ஒவ்வொருவர் வரலாற்றையும் தேடிச் சென்று ஆராய்ந்தனர். தெருவில் திரிந்த பித்தரைப் பிடித்து வரும் காவலர், நோய்க்குக் காரணம் யாது என்னும் கட்டத்தை நிரப்பவேண்டியிருந்தது. வேறு காரணம் தெரியாதபோது கஞ்சா என்று எழுதிவிடுதல் வழக்கமாயிருந்தது. பொருந்தாதவற்றைக் கழித்தபின் எஞ்சியோர் 98 பேரே. மிதமாகப் பயன்படுத்துவோர்க்குப் பெருங்கேடு இல்லை என்றும், மிகையாகப் பயன்படுத்தினால், அதிலும் இயல்பிலேயே மனத்தளர்ச்சிக்கு இடமுடையோர்க்கு, பித்து உண்டாகலாம் என்றும் குழு முடிவு கூறியது. பழி சுமத்துதல் எளிது. மெய்யறிதல் அரிது என்பதற்கு இவ்வறிக்கை நல்லதொரு சான்று.

ஆயினும் அக்குழுவினர்க்கு ஒரு குறை இருந்தது. நோய் வந்தபின்னரே அவர்கள் காரணத்தைத் தேடினர். நோய்வாய்ப்பட்டவன் முன்பு எவ்வளவு புகைத்தான் என்பதைத் திருத்தமாகக் கூறுவார் யார்? நோய் வருமுன்னரே கேட்டு எழுதி வைத்து, பல்லாண்டு காத்திருந்து, எவர்க்கு நோய் வந்தது என்று பார்த்தால் அன்றோ உண்மை விளங்கும்? அத்தகைய வாய்ப்பு சுவீடன் நாட்டில் கிடைத்தது. அங்கு 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைப்பயிற்சிக்கு அழைக்கப்பட்ட இளைஞரிடம் கஞ்சாப் பழக்கம் பற்றி வினவி எழுதி வைத்தனர். அவருள் 45,570 பேரைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து நோக்கி, 1987இல் அதன் முடிவை வெளியிட்டனர். கஞ்சாவைத் தொடாதோருள் ஆயிரவர்க்கு ஏறத்தாழ ஐவரே மனச்சிதைவுக்கு ஆளாயினர். பதினெட்டு அகவைக்குள் ஐம்பது முறைக்கு மேல் புகைத்தோருள் ஆயிரவர்க்கு ஏறத்தாழ இருபத்தெண்மர் ஆளாயினர். அஃதாவது, தீங்கின் வாய்ப்பு ஆறு மடங்கு பெருகியது.

புகைக்கத் தொடங்கும் அகவைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது அடுத்த வினா. நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளை அறிஞர்கள் பிறப்பு முதலே தொடர்ந்து நோக்கி வருகின்றனர். 2002இல் வெளிவந்த முடிவின்படி, பதினைந்து அகவைக்குள் கஞ்சாவைத் தொடங்கியோருள் பத்தில் ஒருவர் இருபத்தாறாம் அகவையில் மனச்சிதைவை ஒத்த நோயுற்றிருந்தனர். தொடாதோருள் நூற்றுக்கு மூவரே அவ்வாறிருந்தனர். இச்சிறுவர் பதினொன்றாம் அகவையில் இருந்தபோதே அவரிடம் நோய்க்குறிகள் தென்பட்டனவா என்றும் எழுதி வைத்திருந்தனர். முன்னரே குறியுற்றிருந்தமையைக் கணக்கில் கொண்டபோது வேறுபாடு குறைந்தது. தொகை சிறிதாதலின், எஞ்சிய வேறுபாட்டை அந்த ஓர் ஆய்வினால் மட்டும் ஐயமற நிறுவ இயலவில்லை. எனினும், தொடங்கும் அகவை குறையுந்தோறும் இடர் மிகும் என்னும் எச்சரிக்கையை அது தெளிவாக எழுப்பியது.

பொருளின் வலிமையும் கருதத்தக்கது. இக்காலத்துக் கஞ்சா முற்காலத்ததைப் போன்றதன்று. அமெரிக்க நாட்டில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவைச் சோதித்தபோது, 1995இல் நூற்றுக்கு நான்கு பங்காக இருந்த மயக்கச் சத்து, 2014இல் பன்னிரண்டு பங்காக உயர்ந்திருந்தது. மிகுந்த சத்துடைய செடிகளையே தேர்ந்து தேர்ந்து வளர்த்ததன் விளைவு இது. ஐரோப்பாவிலும் பிரேசில் நாட்டிலுமாகப் பதினோரிடங்களில், முதன்முறையாக உளப்பிறழ்வுற்ற 901 பேரையும் நோயற்ற 1,237 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாள்தோறும் கஞ்சா புகைப்போரிடம் நோய் வாய்ப்பு மும்மடங்கும், வலிமை மிக்கதை நாள்தோறும் புகைப்போரிடம் ஏறத்தாழ ஐம்மடங்கும் காணப்பட்டன.

கற்றோர் இதற்கும் தடை கூறாமல் இல்லை. மரபு வழியாக நோய்க்கு இடமுடையோரே கஞ்சாவை மிகுதியும் நாடலாம் என்பர் சிலர். நோயின் தொடக்கத்துத் துன்பத்தை ஆற்றிக்கொள்ளவே சிலர் புகைக்கக் கூடும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மனச்சிதைவு தனியொரு காரணத்தால் வருவதன்று. பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருள் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், நூற்றுக்கு ஒன்றாக உள்ள வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தாக உயர்கிறது. ஆயினும் இத்தடைகளையெல்லாம் கணக்கில் கொண்டு ஆராய்ந்தபின்னும், பல நாட்டு ஆய்வுகளும் ஒரு திசையையே சுட்டுகின்றன. இளமையில் தொடங்கி, அடிக்கடி, வலிமை மிக்கதைப் புகைப்போர்க்கு இடர் மிகுதி.

கஞ்சா மூளையில் செய்வது யாது? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று சொல்லாடுவதற்கு வேதிப்பொருள்களைத் தூதாக விடுகின்றன. தூது அளவுக்கு மிஞ்சும்போது, போதும் என்று தடுக்கும் பொருள்களும் மூளையிலேயே சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றை 1992இல் கண்டறிந்தோர், ஆனந்தம் என்னும் வடசொல்லைக் கொண்டு அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். அப்பொருள் வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் தோன்றி, பணி முடிந்ததும் மறையும். கஞ்சாவின் மயக்கச் சத்து அப்பொருளுக்கென அமைந்த பூட்டுகளில் கள்ளச் சாவி போலப் பொருந்திவிடுகிறது. ஆனால் அது இடமும் அறியாது, காலமும் அறியாது, எளிதில் அகல்வதும் இல்லை. அதனால் தூதின் ஒழுங்கு குலைகிறது. டோபமின் என்னும் தூதுப்பொருள், இது கருதத்தக்கது என்று மனத்துக்கு அடையாளம் இடுவது. உளப்பிறழ்வுற்றோர் மூளையில் அப்பொருளின் ஆட்சி அளவு கடந்து நிற்பதாக அறிஞர் கூறுவர். அப்போது பொருளற்ற ஓசையும் பொருளுடையதாய்த் தோன்றும். வழிப்போக்கன் இருமினாலும் அது தனக்கே விடுத்த குறிப்பு என்று உள்ளம் மருளும்.

இளமைக்கு இடர் ஏன் மிகுதி என்பதும் இதனால் விளங்கும். உடல் வளர்ந்து முடிந்தபின்னும் மூளை வளர்ந்து முடிவதில்லை. குழந்தைப் பருவத்தில் மூளையின் இணைப்புகள் மிகையாகவே முளைக்கின்றன. பன்னிரண்டு அகவை முதல் ஏறத்தாழ இருபத்தைந்து அகவை வரை, பயன்படும் இணைப்புகள் உரம் பெறும், பயன்படாதவை நீங்கும். உழவன் அடர்ந்த பயிரைக் கலைத்து, நின்ற பயிரை வலுப்பெறச் செய்வது போன்றது இது. இவ்வாறு இறுதியில் முதிர்வது நெற்றியின் பின்னுள்ள முன்மூளை. ஆராய்தல், அடங்குதல், விளைவை எண்ணுதல் ஆகிய ஆற்றல்களுக்கு அதுவே இருக்கை. ஆனந்தமைடு போன்ற பொருள்கள் இப்பணியிலும் பங்கு கொள்கின்றன. களையெடுக்கும் வேளையில் களை எது, பயிர் எது என்று அறியாத ஒருவன் வயலில் இறங்கினால் எவ்வாறோ, அவ்வாறே வளரும் மூளையில் கஞ்சா இறங்குகிறது. முதிர்ந்தோர்க்கும் அது நன்மை தருவதன்று. இளையோர்க்கோ கட்டி முடியாத வீட்டின் அடித்தளத்தை அசைப்பதாகும்.

கஞ்சா புகைத்தோர் எல்லாரும் பித்தராவதில்லை என்பதை மறைத்தல் நேர்மையன்று. சுவீடன் ஆய்விலும், மிகுதியாகப் புகைத்தோருள் ஆயிரவர்க்குத் தொள்ளாயிரத்து எழுபதின்மேலோர் மனச்சிதைவுக்கு ஆளாகவில்லை. ஆதலின், என் நண்பனுக்கு ஒன்றும் நேரவில்லையே என்று ஒருவன் கூறின், அவன் பொய் கூறவில்லை. ஆனால் அவன் தவறாகக் கணக்கிடுகிறான். அந்த இருபத்தெண்மருள் தான் ஒருவனா என்பதை அவன் அறியான்; எந்த மருத்துவராலும் முன்கூட்டி உறுதி சொல்ல இயலாது. நோய் வந்த பின்னரே விடை தெரியும். மருந்தறைக்குள் இரும்பைக் கொண்டு செல்பவனும், நேற்று ஒன்றும் நேரவில்லை என்றே கூறுவான். வட்டாரத்து மக்கள் அக்கூற்றை ஏற்பரோ? குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டம், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை அமர்த்தலாகாது என்று விலக்கியது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிவகாசிச் சிறுவரைப் பற்றிய வழக்கில் தீர்ப்புரைத்து, அவர்களைப் பள்ளிக்கு அனுப்புமாறு பணித்தது. வெடிமருந்தினின்று சிறுவரைக் காக்க இத்தனை முயன்ற நாடு, அவர்தம் மூளையை மற்றொரு பொறிக்கு விட்டுவிடலாகாது.

சட்டமும் இதனைத் தடுத்தே நிற்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, கஞ்சாவை வைத்திருத்தலும் விற்றலும் வாங்கலும் குற்றமாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022 ஆகஸ்டு 11ஆம் நாள் மாணவர் போதை ஒழிப்பு உறுதிமொழி ஏற்றனர். ஆயினும், அச்சம் ஒன்றே நன்னெறியில் நிறுத்திவிடாது. பழக்கத்துக்கு அடிமையானோர் தாமே சிகிச்சைக்கு முன்வரின், சிறு குற்றங்களுக்கான வழக்கினின்று அவர்க்கு விலக்களிக்கும் பிரிவும் அச்சட்டத்தில் உண்டு. தண்டனைக்கு அஞ்சி நோயை மறைப்போர் இதனை அறிதல் வேண்டும்.

நோயை மறைப்பதன் துயர முடிவை விருதுநகர் மாவட்டத்தை அடுத்த இராமநாதபுரம் மாவட்டம் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. நோயாளர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். தீ நெருங்குவதைக் கண்டும் எழுந்து ஓட அவர்க்கு இயலவில்லை. இருபத்தெண்மர் மாண்டனர். அவரைக் கொண்டுவந்து விட்ட உறவினர் எல்லாரும் கொடியவர் அல்லர். நோய் இன்னதென்று அறியாமலும், மருத்துவம் எங்குள்ளதென்று தெரியாமலும், ஊர் நகைக்குமே என்று நாணியும் விட்டுச் சென்றோர் பலர். இதன்பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணித்தலாகாது என்று விலக்கியது. இறைவனை வழிபடுதல் நெஞ்சுக்கு ஆறுதல் தரும். ஆயின் அது மருத்துவத்துக்கு மாற்றாகாது.

இந்நோய்க்கு மருத்துவம் உண்டு. 1981ஐ ஒட்டிச் சென்னையில், முதன்முறையாக மனச்சிதைவுற்ற தொண்ணூறு பேரை ஆண்டுகள் பல தொடர்ந்து நோக்கினர். அவருள் பெரும்பாலோர் நல்ல நிலையை எய்தினர். நம் நாட்டில் முதல் பெண் மனநல மருத்துவராகப் போற்றப்படும் சாரதா மேனன், 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்து, இந்நோயாளர் வேலை செய்து வாழ வழி கண்டார். முற்கூறிய மாணவனும் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் செல்வானாயின், மருந்துண்டு, கஞ்சாவை அறவே நீக்கி, மீண்டும் பள்ளிப் படி ஏறக் கூடும். தெளிந்தபின் மறுபடி புகைத்தால் நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. கஞ்சாவால் எழுந்த உளப்பிறழ்வு சில நாளில் தணிந்தாலும், அவ்வாறுற்றோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் கண்டனர். ஆதலின் ஒருமுறை எழுந்த குறியைத் தப்பிப் பிழைத்த நற்காலம் என்று மகிழாமல், இறுதி எச்சரிக்கையாகக் கொள்ளுதல் அறிவுடைமை.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமும் மருந்து என ஓர் அதிகாரமும் வகுத்தார். மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்பது அவர் கருத்து: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். மனநோயில் நான்காவது உறுப்பு பெரிதும் வேண்டப்படுவது. உடல் நோயுற்றவன் தன் நோயைத் தானே கூறுவான். உள்ளம் நோயுற்றவனோ தனக்கு நோய் இல்லையென்றே சாதிப்பான். ஆதலின் அருகிருப்போர் கண்ணே அவனுக்குக் கண்ணாகும். பள்ளிப் பருவத்தில் அருகிருப்போர் பெற்றோர் மட்டும் அல்லர். உடன் பயிலும் தோழரும் ஆவர்.

தோழர் அறியத்தக்க குறிகள் சில. நன்கு பயின்றவன் காரணமின்றிப் பின்தங்குதல், உறக்கம் கெடுதல், குளித்தலும் உடுத்தலும் மறத்தல், கூட்டத்தை விட்டு விலகுதல், தனியே பேசுதல், சிரித்தல், தன்னை எல்லாரும் நோக்குவதாக ஐயுறுதல். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பின் நோயென்று துணிதல் தகாது. பல கூடி, வாரக்கணக்கில் நீடிப்பின் வாளாவிருத்தலும் தகாது. கிறுக்கன் என்று நகைத்தல் அவனை மேலும் இருளில் தள்ளும். அவன் கூறும் பொய்க்காட்சியை உண்மையென்று ஒப்புதலும் வேண்டா. பொய்யென்று வாதிடுதலும் வேண்டா. அருகிருந்து, அஞ்சாதே என்று கூறி, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே அறிவித்தலே நட்புக்கு அழகு. அது காட்டிக்கொடுத்தல் அன்று; காத்துக்கொடுத்தல்.

உதவி தொலைவில் இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மனநோய்க்குச் சிகிச்சை நாடி இனி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிப் பணியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

விருதுநகர் காமராசர் பிறந்த ஊர். வறுமையால் கல்வி தடைப்படலாகாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்த பெருமகன் அவர். அவர் பிறந்த மாவட்டம் 2018, 2023ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தின் முதலிடம் பெற்றது. மழையற்ற மண்ணில், மருந்தறையில் உழைத்த கைகள் ஈட்டிய பெருமை அது. அக்கைகள் சேர்த்த செல்வம் பொன்னும் அன்று, பொருளும் அன்று. பிள்ளைகளின் தெளிந்த அறிவேயாகும். ஒருவன் நீட்டும் புகைச்சுருளை இளைஞன் மறுக்கும்போது, நகைப்பார் சிலர் நகைக்கலாம். ஆயினும், மருந்தறை வாயிலில் இரும்பைக் களைந்து உள்ளே செல்லும் தொழிலாளியை எவரும் கோழை என்பதில்லை. காவல் அறிந்தவன் என்றே கூறுவர். கஞ்சாவை மறுக்கும் இளைஞனும் அத்தகையவனே.